வெள்ளிக் குப்பிக்குள் இருந்த காகிதம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கி.மீ. தான். பஸ் கிடைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். எழுபதைத் தாண்டிய ஒரு அப்பத்தாவும், அவருடைய பேத்தியும், பேத்தியின் ஐந்து மாதக் கைக்குழந்தையும் ஒரு நாள் காலையில் அப்படித்தான் கிளம்பிப் போனார்கள். முதலில் ஆண்டாள் கோவில். பிறகு கடைத்தெருவில் ஒரு வெள்ளிக் கடை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வெள்ளியைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒரு ஜோடி கொலுசும் ஒரு அருணாக்கொடியும் வாங்க வேண்டும். இதுதான் திட்டம்.

மஞ்சள் பைக்குள் இருந்தவை இவை: அறுந்த கொலுசு இரண்டு, நசுங்கிய சந்தனக் கிண்ணம் ஒன்று, கறுத்துப்போன மெட்டி நாலைந்து. கடைசியாக ஒரு தாயத்து. சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் மூடி, மேலே கயிறு கோர்க்க இரண்டு வளையம். அவ்வளவுதான்.

கடைக்காரர் எல்லாவற்றையும் உரசிப் பார்த்தார், தராசில் வைத்தார். தாயத்தை மட்டும் தனியாக ஒதுக்கினார்.

"பாட்டிம்மா, இதுக்குள்ள அரக்கு, தகடு, பேப்பர்னு ஏதாச்சும் இருக்கும். அதை எடுத்துட்டுத்தான் எடை போடணும். வெறும் வெள்ளின்னா ரெண்டு கிராம் தேறும். பிரிச்சிரலாமா?"

பேத்தி சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பத்தா பதில் சொல்லவில்லை.

அந்த இரண்டு கிராம் வெள்ளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்பத்தா யோசிக்கட்டும். அதற்குள் இந்தத் தாயத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு வருவோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். 'தாய்' என்ற சொல்லிலிருந்துதான் தாயத்து வந்ததாம். குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து அதற்குள் அடைப்பார்களாம். பின்னாளில் நோய் வந்தால் அதிலுள்ள ஸ்டெம் செல் மருந்தாகும் என்று நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியுமாம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை. விழுந்த தொப்புள்கொடித் துண்டைத் தாயத்தில் அடைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு என்பது உண்மை. ஆனால் காய்ந்து சருகாகிப்போன துண்டில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. இன்று ஸ்டெம் செல்லுக்காகச் சேமிப்பவர்கள் தொப்புள்கொடி ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். வெள்ளிக் குப்பியில் அது நடக்காது.

சொல்லும் அப்படித்தான். அரபியில் 'தஃவீத்' என்று ஒரு சொல் உண்டு. உருதுவில் அது 'தாவீஸ்'. அதுவே தமிழில் தாயத்து, தாயித்து என்று ஆனது. அந்த அரபு வேர்ச்சொல்லுக்கு 'அடைக்கலம் தேடுதல்' என்று பொருள். குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களான 113, 114 இரண்டுக்கும் சேர்த்து வழங்கும் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். இரண்டுமே தீங்குகளிலிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடும் அத்தியாயங்கள். பல தாவீஸ்களுக்குள் எழுதி வைப்பதும் இவற்றைத்தான்.

அப்படியானால் தாயத்தே அரபு நாட்டிலிருந்து வந்த பொருளா? அதுவும் இல்லை! பெயர் ஒரு வழியில் வந்தது, பொருள் வேறு வழியில் வந்தது.

எகிப்தில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே உருளை வடிவத் தாயத்துக் குழல்களை அணிந்திருக்கிறார்கள். இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதியான காந்தாரத்தில் கி.பி. 2, 3-ம் நூற்றாண்டுகளில் செதுக்கிய போதிசத்துவர் சிலைகளின் மார்பைப் பாருங்கள். கயிற்றில் கோர்த்த உருளைக் குப்பிகள் வரிசையாகத் தொங்கும். நம் ஊர்த் தாயத்தை அப்படியே பெரிதாக்கியது போல இருக்கும். இஸ்லாம் தோன்றுவதற்குச் சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சிலைகள் அவை.

தமிழில் இதற்கு ஐம்படைத்தாலி என்று ஒரு பழைய உறவினர் உண்டு. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஆகிய ஐந்து ஆயுதங்களின் வடிவத்தைச் சிறிதாகச் செய்து, காவலாக இருக்கட்டும் என்று குழந்தையின் கழுத்தில் கட்டுவார்கள். புறநானூற்றின் 77-வது பாட்டில், போர்க்களத்துக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு சின்னப் பையன் என்று காட்டுவதற்குப் புலவர் பயன்படுத்தும் அடையாளங்களில் ஒன்று, அவன் தாலியை இன்னும் கழற்றவில்லை என்பது. கல்யாணத் தாலி இல்லை, இந்தத் தாலி!

அப்பத்தா உட்கார்ந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஊர்க்காரரான பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டும்போது, தேவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தைக்கு நகை அனுப்புகிறார்கள். அந்தச் சீர் வரிசையில் ஐம்படையும் உண்டு. இன்னோர் இடத்தில், கண் படாமல் இருக்கக் காப்பிட வேண்டும் வா என்று கண்ணனை அழைக்கிறார். உலகத்தையே காக்கும் கடவுள் என்று நம்புகிற பிள்ளைக்கே கண்பட்டுவிடுமோ என்று பயம்! பெற்றவர்களின் மனசு அப்படித்தான். அங்கே அறிவு வேறு, பயம் வேறு.

சரி, இனி இஸ்லாமியக் கலைக்குள் வெள்ளித் தாயத்து எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

ஈரானின் நிஷாப்பூரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1930-களிலும் 40-களிலும் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்தவற்றில் ஆயிரம் ஆண்டுப் பழமையான வெள்ளித் தாயத்துக் குழலும் உண்டு. வடிவம் ஏறக்குறைய மஞ்சள் பையில் வந்ததேதான்.

உள்ளே வைக்கும் காகிதத்தின் கதை இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவில் கூட்டன்பர்க் அச்சிடத் தொடங்கியது 1450-களில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எகிப்தில் தாயத்துக் காகிதங்களை அச்சுக்கட்டை வைத்து அச்சடித்திருக்கிறார்கள். நீளமான, குறுகலான காகிதத்தில் குர்ஆன் வசனங்கள் இருக்கும். அதைச் சுருட்டிக் குப்பிக்குள் போட்டு விற்பார்கள். இந்த அச்சுக்கு 'தர்ஷ்' என்று பெயர். கையால் எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்குச் சில தாயத்துகள்தான். அச்சடித்தால் சந்தை முழுக்க விற்கலாம். காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க: பயம் எல்லோருக்கும் பொது என்பதால் மார்க்கெட் பெரியது. மார்க்கெட் பெரியது என்றால் மொத்த உற்பத்தி வந்தே தீரும்!

ஏன் வெள்ளி? ஆண்கள் தங்கம் அணிவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது. வெள்ளி மோதிரத்துக்கு அனுமதி உண்டு. நபிகள் நாயகமே வெள்ளி முத்திரை மோதிரம் அணிந்திருந்ததாக நபிமொழிகள் சொல்கின்றன. அது மட்டுமல்ல, கிராமத்து ஜனங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையுயர்ந்த உலோகம் அதுதான். மத்திய ஆசியாவின் துருக்மேனியர்கள் முக்கோணமும் உருளையுமாகப் பெரிய வெள்ளித் தாயத்துகளைச் செய்து, சிவப்புக் கார்னீலியன் கற்களைப் பதித்தார்கள். ஓமன், ஏமன் நாடுகளில் பெண்கள் மார்பில் அணிந்த தாயத்துப் பெட்டிகளுக்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். காவல் என்று பொருள்.

அரபு நாட்டு ஆசாரிகளுக்கு வெள்ளி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பெரும்பகுதி ஆஸ்திரியாவிலிருந்து! மரியா தெரசா என்ற அரசியின் தலை பொறித்த வெள்ளி நாணயம். எடை சுமார் 28 கிராம், அதில் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. அரசி 1780-ல் இறந்துவிட்டார். ஆனாலும் 1780 என்ற அதே வருடத்தைப் போட்டே அதற்குப் பிறகும் நாணயம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அரேபியாவில் அந்தத் தலையைத்தான் நம்பினார்கள். அதை வாங்கி உருக்கி நகை செய்தார்கள். கிறிஸ்தவ அரசியின் காசு முஸ்லிம் பெண்ணின் தாயத்தானது.

அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் இன்னும் ஆச்சரியம். ஏமனில் வெள்ளி வேலை பெரும்பாலும் யூதர்கள் கையில்தான் இருந்தது. முஸ்லிம் மணப்பெண்ணுக்கான தாயத்துப் பெட்டியை யூதத் தட்டார் செய்து கொடுத்தார். 1949-50-ல் சுமார் 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். ஏமனின் கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த கைவேலையும் அவர்களோடு கிளம்பிப் போனது.

நிஷாப்பூர்க் குழல் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் தப்பியது. ஆனால் அரேபியக் கிராமங்களில் பெண்கள் அணிந்த வெள்ளி நகைகளில் மிகப் பழையது கிடைப்பது அரிது. காரணம், அணிந்தவர் இறந்ததும் நகையை உருக்கிவிடுவது அங்கே பரவலான வழக்கம். புது மணப்பெண்ணுக்குப் புது நகைதானே வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையிலும் அதுதானே நடக்கப் போகிறது? வாருங்கள், திரும்பிப் போவோம்.

அப்பத்தா கடைசியில் தலையை ஆட்டினார். கடைக்காரர் விளக்கில் லேசாகக் காட்டி, குறடால் மூடியைத் திருகினார். அரக்கு உதிர்ந்தது. உள்ளேயிருந்து பழுப்பேறிய காகிதச் சுருள் ஒன்று விழுந்தது. தொட்டால் பொடிந்துவிடும் போல இருந்தது. கட்டம் கட்டமாக ஏதோ எழுத்து. பேத்திக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கும் புரியவில்லை.

பக்கத்தில் மகளுக்குக் கொலுசு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாய் எட்டிப் பார்த்தார்.

"அது எழுத்து இல்லம்மா, நம்பரு. அரபி நம்பரு" என்றவர் விரலால் தொடாமல் படித்துக் காட்டினார். "ரெண்டு, ஏழு, ஆறு. அடுத்த வரிசை ஒம்பது, அஞ்சு, ஒண்ணு. கீழ நாலு, மூணு, எட்டு."

பேத்தி ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். பழக்கதோஷத்தில் மனதுக்குள் கூட்டினாள். 15. அடுத்த வரிசையும் 15. மேலிருந்து கீழே 15. குறுக்கே 15!

இந்தக் கட்டத்துக்கு அரபு உலகில் நீண்ட வரலாறு உண்டு. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு இருக்கிறது. (786 என்ற எண்ணைக் கடை போர்டுகளிலும் ஆட்டோக்களிலும் பார்த்திருப்பீர்களே, அது பிஸ்மில்லாஹ் என்று தொடங்கும் முழு வாக்கியத்தின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் தொகை.) மேலே சொன்ன கட்டத்தின் நான்கு மூலைகளிலும் 2, 4, 6, 8 இருக்கின்றன. அவற்றை எழுத்தாக மாற்றினால் 'பதூஹ்' என்று வரும். அகராதியில் பொருள் இல்லாத சொல். ஆனால் காவல் சொல்லாக மோதிரங்களிலும் தாயத்துகளிலும் அதைப் பொறித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஜோசியர்கள் நவக்கிரக யந்திரத் தகடு எழுதும்போது சூரியனுக்குப் போடும் கட்டமும் 1 முதல் 9 வரையிலான இதே எண்கள்தான். கூட்டுத் தொகை அதே 15. எண்கள் உட்காரும் இடம் மட்டும் மாறியிருக்கும். குப்பிக்கு வெளியே பார்த்தாலும் ஒன்றுதான், உள்ளே பிரித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்!

"பாட்டி, இது எங்க பள்ளிவாசல் பக்கம் எழுதிக் குடுத்ததா இருக்கும். நீங்க எப்படி...?" என்று பாய் கேட்டார்.

அப்பத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இவ அப்பனுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருந்துச்சு. மூணு நாள் காய்ச்சல். போயிருச்சு. அடுத்து இவன் பொறந்தான். இவனுக்கும் காய்ச்சல் வந்துச்சு. பொழுதடைய பள்ளிவாசல் வாசல்ல தூக்கிட்டுப் போயி நின்னேன். தொழுதுட்டு வந்தவங்க ஓதி ஊதிவிட்டாங்க. ஒரு பெரியவரு இதை எழுதிக் குடுத்தாரு. காசு வாங்கல. வெள்ளிக் குப்பி நாந்தான் செஞ்சேன், எங்கம்மா போட்ட தண்டையை வித்து."

பேத்திக்கு வயது இருபத்தாறு. தனக்கு ஒரு அத்தை இருந்தார் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரும் சொன்னதில்லை. போட்டோவும் கிடையாது.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல இப்ப இதெல்லாம் கட்டுறதில்ல பாட்டி. கூடாதுன்னு எங்க பசங்க சொல்றாங்க. அவங்க சொல்றதும் சரிதான். ஆனா எங்கம்மா எனக்குக் கட்டுனாங்க."

அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. தாயத்தைத் தொங்கவிடுவது இறைவனுக்கு இணைவைப்பது என்ற பொருளில் நபிமொழி உண்டு. குர்ஆன் வசனம் மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை என்று சொன்ன அறிஞர்களும் உண்டு, அதுவும் கூடாது என்றவர்களும் உண்டு. எண் கட்டங்களை எதிர்ப்பவர்கள் இன்னும் அதிகம். தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே இந்த விவாதம் இன்றும் நடக்கிறது. இந்தப் பக்கம் பகுத்தறிவாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்: தாயத்து கட்டிய குழந்தைகள் சாகவில்லையா?

செத்தார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். குழந்தைகளைக் காப்பாற்றியது தடுப்பூசியும், சுத்தமான தண்ணீரும், பக்கத்தில் வந்த ஆஸ்பத்திரியும்தான். பேத்தியின் மடியில் இருக்கும் பிள்ளைக்கு இடது கை மேல்புறத்தில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கிறது. போன தலைமுறைகளில் அதே கை மேல்புறத்தில்தான் தாயத்துக் கயிறும் இருந்தது. இடம் ஒன்று. பயமும் ஒன்று. மருந்து மட்டும் இப்போதுதான் வந்திருக்கிறது.

அதனால் தாயத்து பொய் என்று தூக்கிப் போட்டுவிடலாமா? மருந்தாக அது பொய்தான். ஆனால் சாட்சியாக அது பொய் இல்லை. ஒரு தாய், ஒரு நாள் சாயங்காலம், வேறு மதத்துக்காரர்களின் வாசலில் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள் என்பதற்கும், அவர்கள் நீ யார் என்று கேட்காமல் ஓதிவிட்டார்கள் என்பதற்கும் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ரசீது அந்தக் குப்பிதான். அதை உருக்கினால் இரண்டு கிராம் வெள்ளி வரும். அது ஸ்கிராப் வேல்யூ. ரசீது போய்விடும்.

நியூயார்க் அருங்காட்சியகம் 2012-ல் துருக்மேனிய வெள்ளி நகைகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. அந்தப் பெரிய தாயத்துகளையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து உலகம் வந்து பார்த்தது. நம் ஊர்த் தாயத்துகள் அவ்வளவு அழகில்லை. வேலைப்பாடு இல்லை, கல் இல்லை. அதனாலேயே யாரும் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் கடைகளின் உருக்குக் குகைக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த ஆசாரி செய்தார், யார் எழுதிக் கொடுத்தார், யாருக்குக் கட்டினார்கள் என்பதெல்லாம் கூடவே போய்விடுகிறது.

"அப்போ இதையும் எடையில போட்ரவா பாட்டிம்மா?" கடைக்காரர் கேட்டார். அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே.

அப்பத்தா பேத்தியைப் பார்த்தார். பேத்தி சொன்னாள்: "வேண்டாம்ணே. கொலுசு, கிண்ணம், மெட்டி மட்டும் போடுங்க. குறையிற காசை நான் தர்றேன்."

"பேப்பரை வீட்ல வச்சுக்க முடியாதுன்னா கெணத்துலயோ ஓடுற தண்ணியிலயோ விட்ருங்கம்மா. குப்பையில மட்டும் போட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாய் தன் கொலுசுக்குப் பணம் கட்டப் போனார்.

அப்பத்தா காகிதத்தைத் தண்ணீரில் விடவில்லை. கடைக்காரரையே திரும்ப உள்ளே வைத்து மூடித் தரச் சொன்னார். அவரும் கூலி வாங்காமல் மூடிக் கொடுத்தார். பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "அப்பத்தா, இதைப் பிள்ளைக்குக் கட்டவா?"

"வேண்டாம் தாயி. அவனுக்குத்தான் ஊசி போட்டாச்சுல்ல. இது எங்கிட்ட இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "அவ பேரு மாரியம்மா."

பேத்தி அந்தப் பெயரை போனில் எழுதி வைத்துக்கொண்டாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு குப்பி கிடக்கலாம். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது உங்கள் இஷ்டம். விற்பதும் உங்கள் இஷ்டம்தான், வெள்ளி விலை யாரையும் சும்மா இருக்கவிடாது. ஆனால் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே வயதான ஒருவரிடம் போய், "இது யாருக்குக் கட்டுனது?" என்று கேளுங்கள்.

பதில் வரும்போது நடுவில் பேசாதீர்கள்.